அடிக்க விடுகிறவள்

என் மனைவி எறிகிற பந்தை யாராவது அடித்துவிட்டால் எனக்குப் பொறுக்காது. திருச்சியில் கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவன் நான். பந்து வீசுகிறவருக்கு ஒரே வேலைதான், எதிரில் நிற்பவரைத் திணறடித்து அனுப்பிவைப்பது என்று நம்பிக்கொண்டிருந்தேன். மட்டையில் பட்ட பந்து என்றாலே எனக்கு அது தோற்ற பந்துதான்.

மயூராவை முதலில் பார்த்தது, நான் வேலை பார்க்கிற இந்த வெளிநாட்டு நகரத்தில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில். கொத்து ரொட்டிக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் முழங்கால்வரை செம்மண் அப்பிய கால்சட்டையோடு ஒரு பெண் நின்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. "என்னங்க, நாத்து நட்டுட்டு வர்றீங்களா?" என்றேன். திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பேஸ்போல்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். அந்தச் சனிக்கிழமையே மைதானத்துக்குப் போய் வேலியோரம் நின்றேன். இரண்டாம் வருஷம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

பேஸ்பாலில் பந்து எறிகிறவரை பிட்ச்சர் என்பார்கள். மட்டைக்காரி மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் அவுட். அதற்குப் பெயர் ஸ்ட்ரைக் அவுட். மயூரா அதில் கெட்டிக்காரி. அவள் கை சுழன்றால் பந்து போனது தெரியாது, கேட்ச்சர் கையுறையில் 'டப்' என்று விழும் சத்தம் மட்டும் கேட்கும். நான் வேலியோரம் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். ஒரே ஒரு குறை. ஒருத்தியை அப்படி வெளியே அனுப்ப ஐந்தாறு பந்தாவது வேண்டியிருக்கும். ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவது முடிவதற்குள் நூறு பந்து எறிந்திருப்பாள். தோள் என்ன இரும்பா? கோச் டெப் மைதானத்துக்குள் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொள்வார். அப்படி ஒருமுறை வெளியேறிய பிட்ச்சர் அன்றைக்குத் திரும்பி வந்து எறிய முடியாது. ஒரு முழு ஆட்டத்தைத் தானே தொடங்கித் தானே முடிக்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அது நடக்கவே இல்லை.

போன செப்டம்பரில் எங்கள் மகள் ஆதிரை பிறந்தாள்.

ஆதிரை போத்தலில் பால் குடிக்கமாட்டாள். பரமட்டாவில் கிடைக்கிற எல்லாப் போத்தல்களையும் வாங்கிப் பார்த்தோம். ரப்பரை உதட்டில் வைத்ததும் வாயைப் பூட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தாய்ப்பாலைப் பீய்ச்சி அதில் ஊற்றிக் கொடுத்தாலும் அதே கதைதான். "உங்கடை பிடிவாதத்தை அப்படியே உரிச்சு வைச்சிருக்கிறாள்" என்றாள் மயூரா. பசி வந்தால் அவளுக்கு அம்மா வேண்டும், அப்போதே வேண்டும்.

மற்ற வேலைகளுக்கு நான் இருந்தேன், ஆனால் மயூரா விட்டால்தானே? பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவாள், பாதி வழியில் திரும்பி வந்து "கழுத்து, கழுத்தைப் பிடியுங்கோ" என்பாள். குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே குளிப்பாள். கடைக்குப் போகிறவள் கார் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்ப்பாள். எனக்குச் சுருக்கென்றிருக்கும். அலுவலகத்தில் ஒரு வங்கியின் மொத்தக் கணினியையும் என்னை நம்பி விட்டிருக்கிறார்கள், என் வீட்டில் ஆறு கிலோ பிள்ளையை நம்பி விடமாட்டேன் என்கிறார்கள். ஆனாலும் எனக்கென்று ஒரு வித்தை இருந்தது. ஆதிரையைத் தோளில் போட்டுக்கொண்டு, வானொலி வர்ணனையாளர் குரலில், இல்லாத ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைக் காதருகே சொல்லிக்கொண்டே நடப்பேன். கொஞ்ச நேரம் கேட்பாள். பசி இல்லாவிட்டால் தூங்கியும் போவாள்.

இங்கே கோடைகாலமான ஜனவரியில் மயூரா மறுபடி ஆடப்போகிறேன் என்றாள். நார்த்மீடில் எங்கள் பக்கத்து வீட்டு விமலாதேவி அன்ரி பத்தியக் கறிச் சட்டியோடு வந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பச்சை உடம்புக்காரி வெய்யிலுக்கை நிண்டு பந்தெறியிறதோ? நீராவது சொல்லக்கூடாதே தம்பி" என்று என்னைக் கேட்டார். நான் சொல்லவில்லை. வேலியோரம் நின்று கத்தி எனக்கும் நாளாகியிருந்தது.

அந்த முதல் ஆட்டத்தில் ஒன்றும் சரியாக நடக்கவில்லை. வேகம் போய்விட்டிருந்தது. பழையபடி ஓங்கி எறிந்தாள், பந்து பழையபடி போகவில்லை. மட்டைக்காரிகள் பந்தை நிதானமாகப் பார்த்து, தொடாமல் விட்டார்கள், அடித்தார்கள், மறுபடி விட்டார்கள். இரண்டாவது இன்னிங்ஸ் முடிகிறபாடில்லை. அதற்குள் ஆதிரைக்குப் பசித்துவிட்டது. நான் வர்ணித்த ஆட்டத்தில் சிக்ஸர் மேல் சிக்ஸராகப் பறந்தது, அவள் காதில் ஏறவில்லை. மூன்றாவது இன்னிங்ஸின் நடுவில் மயூரா தானே பந்தை டெப்பிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள்.

காரில் பின் இருக்கையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. நான் முன் இருக்கையிலிருந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனி என்னாலை ஏலாது போலை, நரேன். அங்கையும் ஒழுங்கா நிக்கேல்லை, இஞ்சையும் ஒழுங்கா நிக்கேல்லை."

"ஒரு நாள்தானே மயூ. சரியாயிடும்."

"இல்லை, கேளுங்கோ. சீசன் முடியும்வரைக்கும் பார்ப்பன். இனி ஒரு நாளெண்டாலும் பிள்ளைக்காக ஆட்டத்தைப் பாதியிலை விட்டிட்டு வந்தனெண்டால், இல்லாட்டில் ஆட்டத்துக்காகப் பிள்ளையைக் கதறவிட்டிட்டு நிண்டனெண்டால், அதோடை சரி. க்ளவ்வைக் கிளப்பிலை ஆரும் சின்னப் பிள்ளையளுக்குக் குடுத்திடுவன்."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. பதினான்கு வயதில் வாங்கிய க்ளவ் அது. வாரக்கடைசியில் எண்ணெய் போட்டுத் துடைத்து, அலமாரியில் தன் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் வைக்கிறவள்.

மறுநாள் ஹரிப்பிரியா வீட்டுக்கு வந்தாள். மயூராவின் கேட்ச்சர், எறிகிற பந்தை எதிரில் குந்தியிருந்து வாங்குகிறவள். கோயம்புத்தூர்க்காரி. கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவள், இங்கே ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். மற்றக் கேட்ச்சர்கள் விரலால் சைகை காட்டுவார்கள். இவர்கள் இருவரும் மைதானத்தில் தமிழில் பேசிக்கொள்வார்கள், எதிரணிக்கு ஒன்றும் புரியாது. அந்த அலட்சியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

"அடிக்க விடுங்கக்கா" என்றாள் ஹரிப்பிரியா.

மயூரா ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். "என்ன?"

"அவங்கள அவுட்டாக்க நீங்க மெனக்கெட வேண்டாம். முட்டிக்குக் கீழ, நல்ல பந்தாவே போடுங்க. முதல் பந்தையே ஆசையா அடிப்பாங்க. கீழ வர்ற பந்து மேல போகாது, தரையிலதான் உருளும். பின்னாடி நிக்கிறவங்க எடுத்துப் போட்டுக்குவாங்க. ஆறு பந்து போடுற இடத்துல ஒண்ணு, ரெண்டு. சீக்கிரம் முடிச்சிட்டு வந்து, நம்ம ஆளுங்க மட்டை பிடிக்கறப்ப பாப்பாவுக்குப் பால் குடுங்க. உங்களுக்குப் பதிலா மட்டை பிடிக்கத்தான் வேற ஆள் இருக்கே."

"பின்னுக்கு நிக்கிறது டெஸ். அவள் எத்தினை பந்தை விடுறவள் தெரியுமே?"

டெஸ் பத்தொன்பது வயதுப் பெண். வேகமாக ஓடுவாள், கையில் வந்த பந்தைத் தவறவிட்டுவிட்டு அதைவிட வேகமாக மன்னிப்புக் கேட்பாள்.

"விடட்டுமே. அடுத்ததப் பிடிப்பா" என்றாள் ஹரிப்பிரியா. "முதல்ல பாப்பாவ அண்ணாகிட்ட குடுத்துட்டு ரெண்டு வாய் நிம்மதியா சாப்பிடுங்க."

"அவருக்குக் கழுத்துப் பிடிக்கத் தெரியாது."

"நாலு மாசமா பிடிச்சிட்டுதானே இருக்கேன்" என்றேன். யாரும் என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் அடம்பிடித்துவிட்டுத்தான் மயூரா முயன்று பார்த்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தன் வேலையை இன்னொருவர் கையில் விட்டுப் பழகாதவள். வீட்டில் அரிசி களைவதைக்கூட என்னிடம் விடமாட்டாள். முதல் நாள் ஒவ்வொரு பந்து மட்டையில் பட்டதும் அவள் தோள் சுருங்குவதை வேலியோரத்திலிருந்து பார்த்தேன். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பந்து தரையில் உருண்டு யார் கைக்காவது போயிற்று, அங்கிருந்து, அடித்தவள் ஓடிச் சேரவேண்டிய முதல் பேஸுக்கு அவளுக்கு முன்பே பறந்தது, அம்பயர் கையை மடக்கி அவுட் என்றார். இன்னொன்று. இன்னொன்று. மூன்று அவுட், இன்னிங்ஸ் முடிந்தது என்று எனக்கு உறைப்பதற்குள் மயூரா க்ளவ்வைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு ஓடிவந்து, "தாங்கோ பிள்ளையை" என்று கை நீட்டினாள்.

அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு ஆட்டத்தை முடித்தாள். அறுபத்து நான்கு பந்து. காரில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு அது அவளுடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. பிப்ரவரி முழுக்க அவள் பாதியில் விட்ட ஆட்டம் ஒன்றுகூட இல்லை. மற்றக் கிளப்காரர்கள், அந்த நார்த்மீட் பிட்ச்சர் வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவள் பால் கொடுக்கும்போது பெஞ்சில் இருக்கிற பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்று மறைத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லி வைத்துச் செய்ததில்லை. அதைப் பார்த்துவிட்டு, இந்த அணிக்கு நான் இன்னும் கொஞ்சம் மரியாதையாகக் கத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஸ்ட்ரைக் அவுட் இல்லாத ஆட்டம் எனக்கு உப்புச் சப்பில்லாமல்தான் இருந்தது. அதையும் மறைக்கமாட்டேன்.

மார்ச் முதல் சனிக்கிழமை பைனல். ப்ளாக்டவுனுக்கு அந்தப் பக்கத்து மைதானம், மேகமே இல்லாத வெயில். விமலாதேவி அன்ரி திட்டிக்கொண்டே ஒரு ஃப்ளாஸ்க் நிறையக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டிருந்தார். எதிரணி நான்கு வருஷமாகக் கோப்பையை வைத்திருக்கிற அணி. அவர்களுடைய பிட்ச்சர் என் மனசுக்குப் பிடித்த ரகம், அனல் பறக்க எறிந்தாள். மயூரா தன் வழியில் எறிந்தாள். ஒரு பந்து, இரண்டு பந்து, அவுட், பெஞ்ச், பிள்ளை. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தபோது நாங்கள் இரண்டு ஓட்டம், அவர்கள் ஒன்று.

ஆறாவது இன்னிங்ஸில் எங்கள் அணி மட்டை பிடித்தது. மயூரா நிழலில் உட்கார்ந்து ஆதிரைக்குப் பால் கொடுத்தாள். வெயிலில் பிள்ளை சிணுங்கியது, இரண்டு வாய் குடிப்பது, விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது, மறுபடி தேடுவது என்று இழுத்தது. மைதானத்தில் எங்கள் ஆட்கள் இருவர் ஏற்கெனவே அவுட், இன்னும் ஒருத்தி அவுட் ஆனால் எங்கள் முறை முடிந்துவிடும். ஹரிப்பிரியா மட்டையோடு போனாள். அவள் எப்போதும் விளாசுகிறவள், இன்றைக்கு இன்னொரு ஓட்டம் வரும் என்று நான் கையைத் தேய்த்துக்கொண்டு வேலிக்குப் போனேன்.

அவளானால் கட்டை போட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு ஸ்ட்ரைக் வாங்கிக்கொண்ட பிறகு, வருகிற ஒவ்வொரு பந்தையும் லேசாகத் தட்டிக் கோட்டுக்கு வெளியே தள்ளினாள். அப்படி வெளியே போகிற பந்துக்குக் கணக்கில்லை, அவுட்டும் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் தள்ளலாம். தள்ளினாள், தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள். நடுவில், மட்டைக்காரி நிற்கிற பெட்டிக் கட்டமான அந்தப் பெட்டியை விட்டு வெளியே வந்து கையுறையைக் கழற்றி மாட்டினாள். ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாள். அடிப்பதற்கென்றே அளவெடுத்துப் போட்டதுபோல நடுவில் வந்த ஒரு பந்தையும் அப்படியே ஓரமாகத் தட்டிவிட்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பைனலில் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே கத்தினேன்.

"என்ன ஹரி, டெஸ்ட் மேட்ச்சா ஆடுற? கட்டை போட்டுட்டே நிக்கிற. அடிச்சிட்டு ஓடேன். எவ்ளோ நேரம் இழுப்ப?"

அவள் மறுபடி பெட்டியை விட்டு வெளியே வந்தாள். ஹெல்மெட்டைச் சரிசெய்கிற சாக்கில் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, பாப்பா குடிச்சு முடிச்சாளா?"

 திரும்பிப் பார்த்தேன். மயூராவின் மடியில் ஆதிரையின் பாதம் மட்டும் தெரிந்தது, விரல்கள் விரிந்து மடங்கின. முதுகு காட்டி நின்ற பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு ஹரிப்பிரியாவுக்கு இல்லை என்று தலையாட்டினாள். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பிப்ரவரி முழுக்க இவர்கள் மட்டை பிடிக்கும்போது ஏன் இப்படி ஆமையாக ஊர்கிறார்கள் என்று வீட்டில் போய்த் திட்டியிருக்கிறேன். ஒருத்தி கண்ணில் தூசி என்பாள், ஒருத்தி மட்டையை மாற்றுவாள். எல்லாம் என் மகளுக்காக.

"இன்னும் இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சரிண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் போய் நின்று அடுத்த பந்தையும் வெளியே தட்டினாள். அம்பயர் ஒரு பெரியவர், குனிந்து மட்டைக்காரியின் காலடியில் பதித்திருக்கிற ஹோம் ப்ளேட் பலகையைச் சின்னத் துடைப்பத்தால் துடைத்தார். சுத்தமாக இருந்ததை மறுபடியும் துடைத்தார். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் ஹரிப்பிரியா அவுட் ஆனாள். மயூரா பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, "கழுத்து" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆறாவது இன்னிங்ஸ் அவளுக்கு நல்லபடி முடிந்தது. ஏழாவதில் எங்கள் பக்கம் எவ்வளவு இழுத்தும் ஆதிரை குடிக்கவில்லை. மாரில் வாயை வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள். இன்னும் மூன்று அவுட். அதற்குள் எழமாட்டாள் என்று மயூரா அவளை என் தோளில் சாய்த்துவிட்டுப் போனாள்.

முதல் மட்டைக்காரி இரண்டாவது பந்திலேயே அவுட். அடுத்தவள் தரையில் அடித்தாள். பந்து நேராக டெஸ்ஸிடம் போனது. குழந்தையும் எடுத்துவிடுகிற பந்து. டெஸ்ஸின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. மட்டைக்காரி முதல் பேஸில் போய் நின்று கை தட்டிக்கொண்டாள். எதிரணிப் பக்கம் மொத்தமும் எழுந்து ஆரவாரம் செய்தது.

அந்தச் சத்தத்தில் ஆதிரை விழித்துக்கொண்டாள்.

அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு, முகம் சிவந்து, மூச்சுப் பிடித்து அழுதாள். மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். பந்தெறிகிற மேட்டில் நின்ற மயூரா சட்டென்று நிமிர்ந்தாள். பிள்ளை அழுதால் தாய்க்குப் பால் சுரந்துவிடும், அது அவள் கையில் இல்லை. நீலச் சட்டையின் முன்புறம் ஈரம் படர்வது வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. க்ளவ்வை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

டெப் எழுந்து மேட்டை நோக்கி நடந்தார். ஓரத்தில் இன்னொரு பிட்ச்சர் கையைச் சுழற்றித் தயாராகிக்கொண்டிருந்தாள். எனக்குக் காரில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. பந்தைக் கொடுத்தாலும் முடிந்தது, கொடுக்காமல் பிள்ளையைக் கதறவிட்டு நின்றாலும் முடிந்தது. என்ன செய்தாலும் அந்த க்ளவ் யார் வீட்டுக்கோ போகப்போகிறது. அழுகை அவள் காதில் விழாமலிருந்தால் போதும் என்று நினைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"நரேன்."

அவள் குரலை மைதானத்தில் அவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை. திரும்பினேன். டெப்பும் ஹரிப்பிரியாவும் பக்கத்தில் நிற்க, மயூரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கை கொண்டு போறீங்கள்? இஞ்சாலை வாங்கோ, வேலியடிக்கு. தோளிலை போட்டு உங்கடை மட்ச்சைச் சொல்லுங்கோ. கொஞ்ச நேரம். உங்களாலை ஏலும்."

இதுவரை அவள் என்னிடம் சொல்லாத வார்த்தை அது. கண் கலங்கிவிட்டது எனக்கு. வேலியோரம் வந்து நின்றேன். பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு, காதருகே, எனக்குத் தெரிந்த அந்தக் குரலில் ஆரம்பித்தேன். திருச்சி மைதானம். லேசான காற்று. பந்து வீசுகிறவர் ஓடிவருகிறார். மட்டைக்காரர் பின்னால் போய், இதோ, மெல்லத் தட்டிவிடுகிறார், ஓட்டம் இல்லை.  நிறுத்தவில்லை. ஆதிரை வீறிடுவதை விட்டு விசும்ப ஆரம்பித்தாள். ஈரக் கன்னத்தை என் கழுத்தில் தேய்த்துக்கொண்டு கேட்டாள்.

டெப் பந்தை வாங்காமலே திரும்பிப் போனார்.

மட்டை பிடிக்க வந்தவள் அந்த அணியிலேயே பெரிய அடிக்காரி. மயூரா டெஸ்ஸின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். டெஸ்ஸுக்கு உதடு துடித்துக்கொண்டிருந்தது, தலையாட்டினாள். எனக்குள் இருந்த பழைய ஆசாமி, இவளை மட்டும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிவிடு மயூ, அந்தப் பெண் பக்கம் பந்து போகவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டான்.

"கீழ, அக்கா" என்றாள் ஹரிப்பிரியா.

"ஓம்" என்றாள் மயூரா.

எறிந்தாள். வேகமே இல்லாத பந்து, முழங்காலுக்கும் கீழே இறங்கியது. பெரிய அடிக்காரி ஆசையோடு அடித்தாள். பந்து தரையில் பட்டு, இரண்டு துள்ளல் துள்ளி, நேராக டெஸ்ஸிடம் போனது. நான் வர்ணனையை நிறுத்திவிட்டேன். டெஸ் முழங்காலைத் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும், பந்தை அள்ளினாள். இரண்டாவது பேஸுக்கு எறிந்தாள், முதல் பேஸிலிருந்து அங்கே ஓடிவந்தவள் அவுட். அங்கிருந்து முதல் பேஸுக்கு. அடித்தவள் இன்னும் வந்து சேரவில்லை. அம்பயர் கையை மடக்கினார்.

ஒரே பந்தில் இரண்டு அவுட். ஆட்டம் முடிந்தது.

எல்லோரும் டெஸ்ஸின் மேல் போய் விழுந்தார்கள். மயூரா மட்டும் அங்கே இல்லை. க்ளவ்வை எறிந்துவிட்டு பெஞ்சுக்கு ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆதிரை அழுதழுது விக்கிக்கொண்டே மாரைப் பற்றினாள். கொஞ்ச நேரத்தில் அணி மொத்தமும் கூச்சலிட்டுக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்தது. முன்னால் வந்த ஹரிப்பிரியா பிள்ளையைப் பார்த்ததும் உள்ளங்கையை உயர்த்தினாள். எல்லோரும் அப்படியே நின்றார்கள். பிறகு முதுகைக் காட்டி வட்டமாகச் சுற்றி நின்றுகொண்டு, சத்தமே வராமல் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். டெஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு கோப்பையை வென்ற அணி கிசுகிசுத்துக் கொண்டாடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் கத்தவில்லை.

கீழே குந்தி மயூராவிடம் கேட்டேன், "எத்தனை ஸ்ட்ரைக் அவுட் மயூ?"

"ஒண்டுமில்லை" என்றாள். சிரித்தாள். "எல்லாம் அவையள்தான் பிடிச்சது."

"டெஸ்கிட்ட என்ன சொன்ன?"

"பந்து உன்னட்டைத்தான் வரும் எண்டு சொன்னனான்."

ஆதிரை வயிறு நிறைந்து வாயை விட்டாள். அந்தப் பக்கம் எதிரணி கை குலுக்க வரிசையாக நின்றது. மயூரா சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பிள்ளையை என் கையில் தந்தாள்.

"ஏவறை வரும், தட்டிவிடுங்கோ. நான் போய்க் கை குடுத்திட்டு, விண்டர் சீசனுக்கும் என்ரை பேரைப் போடச் சொல்லி டெப்பிட்டைச் சொல்லிப்போட்டு வாறன். அங்கை கிடக்கிற க்ளவ்வையும் எடுத்து வையுங்கோ."

கழுத்து என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வெயிலில் இறங்கி நடந்தாள். ஹரிப்பிரியா அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். நான் ஏப்பம் வரப் பிள்ளையின் முதுகைத் தட்டியபடி, எப்போது திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மேட்டைத் தாண்டினாள், வரிசையில் போய்ச் சேர்ந்தாள், ஒவ்வொருத்தியாகக் கை குலுக்கினாள், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.